ஹெரால்டுக்குக் குளிர்சாதனம் ஆகாதா?

பழைய மோட்டார் வண்டிகளிடம் பிரியம் வைத்தவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில், வண்டியின் வர்ணத்தைப் பற்றியும் சக்கர மூடியைப் பற்றியும் எத்தனையோ விவாதங்கள் எழுந்து, முடிவு காணாமலே கலைவதுண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஏகமனதாகத் தலையசைப்பதைக் காண்கிறேன். அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட வண்டியில் ஏசி மாட்டுவது அபசாரம் என்பதே அந்த ஏகோபித்த தீர்ப்பு. வண்டியின் ஒரிஜினல் போய்விடும் என்று விஷயம் தெரிந்தவர்கள் வருந்துவார்கள். அந்தக் காலத்துச் சிறு யந்திரத்துக்கு அவ்வளவு பாரம் தாங்காது என்று கணக்குத் தெரிந்தவர்கள் எச்சரிப்பார்கள். "ஏசி மாட்டுனா வண்டி ஹீட் ஆகி செத்துருமுங்க, அப்புறம் எங்கிட்டக் கொண்டாராதீங்க" என்று பட்டறைக்காரர் பேச்சையே முடித்துவிடுவார். இந்த அபிப்பிராயம் பரிசீலித்து அடைந்த முடிவன்று என்றும், கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லியே அது சாஸ்திரமாகிவிட்டது என்றும், காப்பாற்றும் நோக்கத்தோடு சொல்லப்படும் இவ்வார்த்தையே நம் பக்கத்தில் நல்ல வண்டிகளைக் கொட்டகையில் கிடத்திக் கொன்றுகொண்டிருக்கிறது என்றும் நான் உறுதியாக நம்புவதால், அதை மறுத்து எழுத வேண்டியது கடமையாகிறது.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பந்தயக் களத்துக்கென்றே பிறந்த அயல்நாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் பக்கத்துக் கெங்கவல்லிக்கும் ஆத்தூருக்கும் வந்து நிலைத்தவை அல்ல. ஆயினும் அவற்றின் நெருங்கிய ரத்த உறவு ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே, சென்னையை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தாரால் 1961-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் டாக்டர்கள், வக்கீல்கள், மிராசுதார்கள் வீட்டு வாசல்களை அலங்கரித்தது. இத்தாலிய நாட்டு டூரின் நகரத்துச் சிற்பியான ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த உருவம் அது. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டாக வெளிவந்த அதன் சட்டத்தையே குறுக்கி, அதே சிற்பியைக் கொண்டு மேலுடல் வரையச் செய்து, 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரை உண்டாக்கினார்கள். இரண்டு கதவு, முன்பக்கம் முழுவதுமாக, மட்கார்டு விளக்கு உட்பட, முன்னோக்கிச் சாயும் பானட், இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் சாமர்த்தியம், 948 சி.சி. யந்திரம். தம்மம்பட்டி சாலையில் இந்த வண்டியொன்று போனால் இன்றைக்கும் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவராவது எழுந்து நின்று பார்ப்பார். இதைவிட ஸ்போர்ட்ஸ் காருக்கு அணித்தான ஒரு வஸ்து நம் சமவெளியில் பழங்காலத்தில் ஓடியதில்லை என்பதால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரிஜினல் என்னும் வாதத்தைப் பார்ப்போம். எது ஒரிஜினல்? கவென்ட்ரி நகரத்தில் பனிக்கும் மழைக்குமாக யோசித்துச் செய்த வண்டியா, வண்டலூரில் புழுதிக்கும் வெயிலுக்குமாக மாறிக்கொண்டே வந்த வண்டியா? இங்கிலாந்தில் அதே ஹெரால்டுக்கு, வேண்டுவோர் தனியே பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும்படி, உள்ளே சூடேற்றும் ஹீட்டரை விற்றார்கள். குளிர் தேசத்துக்காரர் தம் வண்டிக்குள் வெப்பத்தை வரவழைத்துக்கொண்டது மரபாகவும், வெப்ப தேசத்துக்காரர் அதே வண்டிக்குள் குளிர்ச்சியை வரவழைத்துக்கொள்வது அபசாரமாகவும் ஆவது எந்த நியாயத்தில் என்று எனக்கு விளங்கவில்லை. அதுவும் தவிர, நம் நாட்டு ஹெரால்டு பிறந்த கோலத்திலேயே என்றும் நின்றதில்லை. குடும்பஸ்தர்களின் சௌகரியத்தை உத்தேசித்து, இங்கிலாந்தில் எக்காலத்திலும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை நம் தொழிற்சாலை செய்தது. 1972-இல் வந்த கெஸல் என்னும் அதன் வாரிசில், நம் சாலைகளை முன்னிட்டுப் பின்னச்சின் அமைப்பையே மாற்றினார்கள். கதவையும் அச்சையும் மாற்றிய தொழிற்சாலையை நாம் குறை சொல்லவில்லை. அந்த மாற்றங்களையே இன்று மரபென்று போற்றுகிறோம்.

மோட்டார் வண்டிக்குக் குளிர்சாதனம் என்பது நேற்று முளைத்த நவீன ஆடம்பரம் என்ற எண்ணமும் சரித்திரத்துக்குப் பொருந்தாது. அமெரிக்காவின் பக்கார்டு நிறுவனம் 1940-ஆம் ஆண்டு வண்டிகளிலேயே ஏசியை விற்றுவிட்டது. பின் இருக்கைக்குப் பின்னால் பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்ட பெரும் பொறி அது. கம்ப்ரசரைத் துண்டிக்கும் கிளட்ச் அதில் இல்லாமையால், வேண்டாத காலத்தில் யந்திரத்தை நிறுத்திப் பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. வண்டலூரில் முதல் ஹெரால்டு உருண்டு வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னாலேயே உலகத்தில் இருந்த ஒரு சாதனத்தை, ஹெரால்டின் காலத்துக்கு அந்நியமானது என்று எப்படிச் சொல்வது? பின்னாட்களில் அம்பாசடரிலும் பத்மினியிலும் டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்ட ஏசிப் பெட்டியின் எதிரில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து சென்றவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள்.

ஒரிஜினல் என்ற சொல்லை உச்சரிக்கிறவர்கள் ஒருமுறை திருவாரூருக்குப் போய் வர வேண்டும். தியாகேசருடைய ஆழித்தேரைவிடத் தொன்மையான, புனிதமான ஓர் ஊர்தியைத் தமிழ்நாட்டில் காட்ட முடியுமா? ஒருமுறை தீக்கிரையாகி, மீண்டும் செய்யப்பெற்று, பிற்பாடு ஓட முடியாமல் ஆண்டுக்கணக்கில் நிலையிலேயே நின்றுவிட்ட அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்த பிறகே, 1970-இல் அது மறுபடி வீதிக்கு வந்தது. இன்று அதில் நீரழுத்தத் தடையும் இருக்கிறது. மரச்சக்கரம் போயிற்றே என்று அழுது தேரை நிலையிலேயே நிறுத்தி வைத்திருந்தால், இரண்டு தலைமுறை ஆழித்தேர் ஓடுவதையே பார்த்திராது. தேரின் புனிதம் அது வீதியைச் சுற்றி வருவதிலே இருக்கிறது என்று தெய்வத்தின் வாகனத்துக்கே ஒப்புக்கொண்ட ஜனங்கள், வக்கீல் வீட்டு ஹெரால்டுக்கு மட்டும் அதைவிடக் கடுமையான ஆசாரத்தை விதிப்பது விநோதம்.

சரி, ஆசாரம் விதிக்கும் அதிகாரம் பெற்றவர்களாவது என்ன சொல்கிறார்கள்? பழைய வண்டிகளின் சர்வதேச சம்மேளனமாகிய ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட சாசனம் ஒன்று உண்டு. மிக்கெலோட்டி பிறந்த அதே டூரின் நகரத்தின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. வண்டிகள் சாலையில் ஓடுவது அவற்றின் பாதுகாப்புக்கு அவசியம் என்பதை அந்தச் சாசனம் ஒப்புக்கொள்கிறது. மாற்றம் அவசியமானால், அது கண்ணை உறுத்தாமலும், மூல அமைப்பைச் சிதைக்காமலும், திரும்பவும் பழையபடி ஆக்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றும், கழற்றிய மூலப் பொருள்களை வண்டியோடு பாதுகாக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நம் மத்திய சர்க்கார் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளும், ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு விண்டேஜ் அந்தஸ்து கொடுக்கும்போது, சட்டம், மேலுடற்கூடு, யந்திரம் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் கூடாது என்றே நிபந்தனை போடுகின்றன. ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட்டு முடுக்கி மாட்டிய ஒரு கம்ப்ரசர் இந்த மூன்றில் எதை மாற்றிவிடுகிறது? மேலும் அந்த விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை வழக்கமாகச் சாலையில் ஓட்டவே அனுமதியில்லை. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பழுது பார்த்தல், பெட்ரோல் போடுதல் இவற்றுக்கு மாத்திரம் வெளியே எடுக்கலாம். ஓட்டப் பிரியப்படுகிறவன் சாதாரணப் பதிவிலேயே இருந்துகொண்டு, ஐந்தாண்டுக்கொரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்கிறான். அவனுக்கு வண்டி உபயோகப்பட வேண்டும்.

இனி, சிறு யந்திரம் பாரம் தாங்காது என்னும் கணக்கு. இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம், மாருதி 800-ஐ இவர்கள் எப்படி மறந்தார்கள் என்று ஆச்சரியப்படுவேன். அதன் யந்திரம் 796 சி.சி.; ஹெரால்டினுடையதைவிட நூற்றைம்பது சி.சி. குறைவு. திறனோ நாற்பது குதிரையை எட்டாதது. அந்த வண்டியில் கம்பெனியே ஏசி வைத்துக் கொடுத்து, நம் ஜனங்கள் அதில் ஐந்தாறு பேர் நெருங்கி உட்கார்ந்து ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனார்கள். ஹெரால்டின் திறன் ஏறத்தாழ முப்பத்தைந்து குதிரை. சிறு ரகக் கம்ப்ரசர் ஓடும்போது எடுத்துக்கொள்வது இரண்டு மூன்று குதிரை. சேலம் – உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போகிற வண்டிக்கு அதன் முழுத் திறனில் பாதிகூடத் தேவைப்படுவதில்லை. மீதியிலிருந்து இந்த இரண்டு மூன்றைக் கொடுப்பதால் வண்டி இளைத்துவிடாது. கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் புல்லிங் போதவில்லையென்றால் சுவிட்சைத் தட்டி நிறுத்திவிட்டால் போயிற்று. பக்கார்டு காலத்தைப் போல இறங்கிப் பெல்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை. நின்றுகொண்டிருக்கும்போது யந்திரம் அணைந்துவிடுமே என்று கேட்பார்கள். கம்ப்ரசர் பிடிக்கும் கணத்தில் கார்புரேட்டரின் நெம்பைச் சற்றே இழுத்து ஐடிலை ஏற்றிக் கொடுக்கும் சிறு வாக்குவம் டப்பா மாருதியிலேயே உண்டு. கைதேர்ந்த மெக்கானிக்குக்கு அதை ஹெரால்டில் பொருத்துவது அரை நாள் வேலைதான்.

எல்லாவற்றிலும் வலுவானதாகத் தோன்றுவதும், பட்டறைக்காரர் மிகவும் நம்புவதும், யந்திரம் கொதித்துவிடும் என்னும் வாதம். இதை அலட்சியப்படுத்த மாட்டேன். ஏனென்றால், ஏசி மாட்டிய பழைய வண்டிகள் சாலையோரத்தில் ஆவி கக்கி நின்ற காட்சி பொய்யன்று. ஆனால் அதற்குக் காரணம் என்னவென்று விசாரிக்காமல், கூட இருந்த ஏசியின் தலையில் பழியைச் சுமத்திவிட்டார்கள். நம் கெங்கவல்லிப் பக்கத்தில் சுவேத நதி வறண்ட மாதங்களில் நமக்குக் கிடைப்பது போர்வெல் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் எவ்வளவு வெள்ளை உப்புப் படிகிறது என்று ஒவ்வொரு வீட்டுப் பெண்மணிக்கும் தெரியும். அதே தண்ணீரை ஐம்பது அறுபது ஆண்டுகளாக, டீக்கடையிலும் வயல் மோட்டாரிலும் பிடித்துப் பிடித்து, இந்த வண்டிகளின் ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பித்தளைக் குழாய்களுக்குள்ளும், அதைவிட மோசமாக, யந்திரக் கட்டையின் நீரோடைகளுக்குள்ளும் அந்த உப்பு கல்லாக இறுகிப் போயிருக்கிறது. பாதிக் குழாய் அடைபட்ட ரேடியேட்டர் ஏசி இல்லாமலே சித்திரை வெயிலில் விளிம்பு வரையில் சூடேறி நிற்கும்; முன்னால் ஒரு கண்டென்சரை வைத்து, அதன் வெப்பத்தையும் கூட்டினால் கொதிக்கத்தான் செய்யும்.

ஹெரால்டு போன்ற வண்டிகள் கொதிப்பதற்கு வேறு சில காரணங்களும் உண்டு. ஹெரால்டின் விசிறி, யந்திரத்தின் பெல்ட்டால் சுழலும் தண்ணீர்ப் பம்பிலேயே பொருத்தப்பட்டது. ஆகையால் யந்திரம் மெதுவாகச் சுற்றும்போது அதுவும் மெதுவாகவே சுற்றும். ஆத்தூர்ப் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நிற்கும்போது காற்று போதாமல் போவதற்கு இதுவே ஹேது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் மரத்துப்போயிருந்தால் உள்ளழுத்தம் நிற்காமல் தண்ணீர் முன்கூட்டியே கொதித்துவிடும். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் சூடு கூடும். இவற்றில் எதுவும் ஏசியால் வந்த வியாதியன்று. ரேடியேட்டரைக் கழற்றி மேல்தொட்டியைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்து, அல்லது ஒரு வரிசைக் குழாய் கூடுதலாக வைத்துப் புதுக் கோர் கட்டி, யந்திரக் கட்டையின் வெல்ஷ் பிளக்குகளை எடுத்து உள்ளே இருக்கும் சேற்றையும் உப்பையும் வாரி வெளியேற்றி, காய்ச்சி வடித்த நீரோடு கூலண்ட் கலந்து ஊற்றி, புது மூடி போட்டு, கண்டென்சருக்கு முன்னால் தானாகப் பிடிக்கும் மின்விசிறி ஒன்றை வைத்து, இருபுறமும் காற்று நழுவிப் போகாதபடி தகட்டால் மறைத்துவிட்டால், அந்த வண்டி முன்பு ஏசியில்லாமல் ஓடியதைவிட ஏசியோடு குளிர்ச்சியாக ஓடும். ஏசி மாட்டத் தீர்மானித்தவன் வேறு வழியின்றி இத்தனை வைத்தியமும் செய்கிறான். மாட்டாதவன் கொதிக்கும் வரையில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுகிறான். ஆகவே ஏசி யந்திரத்தைக் கொல்கிறது என்பதைவிட, ஏசியை முன்னிட்டுப் பல யந்திரங்கள் பிழைக்கின்றன என்பதே உண்மைக்கு அருகில் வரும்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹெரால்டின் டைனமோ இருபது ஆம்பியர் சொச்சம்தான் தரும். புளோயர், மின்விசிறி, கம்ப்ரசர் கிளட்ச், இரவில் ஹெட்லைட் எல்லாம் சேர்ந்தால் அது போதாது. மாருதி ஆல்டர்நேட்டர் ஒன்றைப் பிராக்கெட் செய்து மாட்டுவது நம் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை.

ஆனால் எப்படி மாட்டுவது என்பதில் எனக்குக் கண்டிப்பு உண்டு. எதிர்க்கட்சியாரிடம் எவ்வளவு வாதாடுகிறேனோ அவ்வளவும் என் கட்சியாரிடமும் வாதாடத் தயார். ஃபயர்வாலில் வெல்டிங் வைத்து வெட்டுகிறவன், டாஷ்போர்டை அறுத்து நவீன வண்டியின் ஏசிக் கண்களைப் பதிக்கிறவன், மிக்கெலோட்டி வரைந்த முகப்பைக் கண்டென்சருக்காகத் துளைக்கிறவன் எவனும் என் ஆதரவைப் பெற மாட்டான். அது தேவையும் இல்லை. அகலத் திறக்கும் அந்தப் பானட்டின் கீழே, சிறு கம்ப்ரசருக்கும் கண்டென்சருக்கும் வெட்டாமலே இடம் கண்டுபிடிக்கலாம். கூலிங் காயில் பெட்டியை டாஷ்போர்டுக்கு அடியில், பழைய முறைப்படியே, தொங்கவிடலாம். குழாய்கள் ஏற்கெனவே உள்ள ரப்பர் வளையத் துளைகளின் வழியே போகட்டும். கேஸ் விஷயத்தில், பக்கார்டு காலம் முதல் பழக்கத்திலிருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுப்பதென்று, மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2010-ஓடு வளரும் நாடுகளிலும் அதன் உற்பத்தி நின்றுபோனது. ஆர்-134ஏ-க்கு ஏற்ற குழாயும் எண்ணெயுமே போட வேண்டும். கூரைக்கு உள்ளேயும், கால்வைக்கும் தரையிலும், முக்கியமாக யந்திரச் சூட்டை நேரே காலடிக்கு அனுப்பும் கியர்பாக்ஸ் மூடியிலும் கழற்றத்தக்க ஃபெல்ட் விரிப்பைப் போட்டாலொழிய, எந்த ஏசியும் அந்த மெல்லிய தகட்டுக் கூட்டைக் குளிர்விக்காது. கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டும் யோசனையைச் சொல்ல வருகிறவர்களுக்கு, 2012-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது என்று பதில்.

இத்தனைக்கும் பிறகும், ஒரு ஏசிக்காக இவ்வளவு பிரயாசை எதற்கு, வெயில் காலத்தில் வண்டியை நிறுத்திவைத்துவிட்டுக் கார்த்திகை மார்கழியில் ஓட்டலாமே என்று சாந்தமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எல்லா எதிர்ப்பையும்விட இந்தச் சாந்தமான ஆலோசனையே அதிக நாசம் விளைப்பது. நம் சமவெளியில் வெயில் காலம் என்பது மாசியில் தொடங்கி ஆவணி வரையில் போகிறது. மாரியம்மன் பண்டிகையும், கல்யாணங்களும், பள்ளி விடுமுறையும், ஊர்விட்டு ஊர் போகும் பிரயாணங்களும் அந்த மாதங்களிலேதான் வருகின்றன. நாற்பது டிகிரியை ஒட்டிய வெயிலில், இருக்கை ரெக்சின் முதுகில் ஒட்ட, காலடியில் கியர்பாக்ஸ் தகிக்க, வயதான தாயாரையும் கைக்குழந்தையையும் அந்த வண்டியில் உட்கார வைப்பவர் யார்? வீட்டார் ஏற மறுத்த வண்டி நின்றுவிடுகிறது. நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டர் துருப்பிடிக்கிறது. பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கிறது. எலி வயரைக் கடிக்கிறது. ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன. தார்ப்பாயின் கீழே தங்கிய ஈரம் தரைத்தகட்டைத் தின்கிறது. மூன்று கோடை இப்படிக் கழிந்தால், கார்த்திகையில் சாவியைப் போட்டாலும் அது எழுந்திருக்காது. அடுத்து வருகிறவர் இரும்புக் கடைக்காரர். ஒரிஜினல் ஒன்றும் குறையாமலே அந்த வண்டி எடைக்குப் போகிறது.

இதற்கெல்லாம் விலக்கு உண்டா என்றால் உண்டு. தொழிற்சாலையில் பூசிய வர்ணமும் தைத்த இருக்கையும் அப்படியே இருக்கிற, உலகத்திலேயே சிலவே மிஞ்சியிருக்கிற வண்டியைத் தொடாமல் வைக்க வேண்டும்; கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையார் நடத்தும் கார் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் அதற்கென்றே இருக்கின்றன. ஆனால் இரண்டு முறை வர்ணம் மாறி, இருக்கை மாறி, எந்த ஊரிலோ வாங்கிய உதிரியால் ஓடுகிற ஹெரால்டை வைத்திருப்பவர், தன் வண்டி அருங்காட்சியகப் பொருள் என்று எண்ணிக்கொண்டு அதைப் பூட்டி வைப்பது பக்தியாகாது.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றுகிற டைனமோவையும் அதன் ரெகுலேட்டரையும் விற்றுவிடாமல், எண்ணெய் தடவிக் கோணியில் சுற்றி, என்ன கழற்றினோம், எங்கே மாட்டினோம் என்று ஒரு காகிதத்தில் எழுதி வண்டியோடு வையுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவன் விரும்பினால் ஒரே நாளில் பழையபடி ஆக்கிக்கொள்ளட்டும். ஏசி மாட்டுகிறவரைத் தேடுவதற்கு முன்னால் ரேடியேட்டர் கட்டுகிறவரைப் பாருங்கள். தை முடிவதற்குள் ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டால், பங்குனி உத்திரத்துக்கு வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டியிலேயே போகலாம்.